மூன்றாவதாக நின்றவன்

"உஸ்தாத், பாராட்டு வாங்கினவனை எதுக்கு வெளியே நிறுத்தினீங்க?"

காலைப் பயிற்சி முடிந்த கையோடு மாதேஷ் வந்து கேட்டான். சட்டையில் வியர்வை கூடக் காயவில்லை.

ஹவில்தார் சுயம்புலிங்கம் மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு வறுத்த கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டா? என்ன ரெண்டு?"

அவர் அடுத்த கடலையை உடைத்தார்.

ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். மலைமேல் இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் உஸ்தாத்கள் பலர் உண்டு. ஆனால் வெறுமனே "உஸ்தாத்" என்று சொன்னால் அது சுயம்புலிங்கம்தான். ஆள் குள்ளம். மைதானத்தில் இந்தியில் அதட்டுவார். கடலை உடைக்கும்போது வள்ளியூர்த் தமிழ். கேடட்டுகளுக்கு இரண்டுமே பயம்.

மரியாதைக் காவல் அணி அவர் பொறுப்பு. எட்டுப் பேர். வருஷத்துக்கு ஒருமுறை, போரில் இறந்தவர்களின் நினைவு நாளில், அந்த எட்டுப் பேரும் நினைவுத் தூணின் முன்னால் போய் வரிசையாக நிற்பார்கள். துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழாயைப் பூட்ஸ் முனையில் ஊன்றி, தலை குனிவார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் வந்து பூப் போட்டுப் போகும்வரை அப்படியே நிற்பார்கள்.

வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. அன்றைக்குக் கட்டளை கிடையாது. முரசும் கிடையாது. யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். எட்டுப் பேரும் தாங்களாகவே கிளம்ப வேண்டும், தாங்களாகவே நிற்க வேண்டும், தாங்களாகவே குனிய வேண்டும்.

அந்த அணியில் சேரத்தான் மாதேஷ் இவ்வளவு நாளும் பாடுபட்டது. பூட்ஸில் முகம் பார்க்கலாம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். இவன் பூட்ஸில் நிஜமாகவே பார்க்கலாம். நின்றால் நின்றதுதான், கொசு கடித்தாலும் இமை அசையாது. வரிசையில் மூன்றாவது இடம் கொடுத்திருந்தார்கள்.

முந்தின நாள் ஒத்திகை பார்க்க, ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் வந்திருந்தார். பார்த்துவிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்த மூணாவது பையன் யாருப்பா? என்ன கம்பீரம். அவனை விட்டு வேற யாரையும் பார்க்கவே முடியலை."

அன்றைக்கு இரவு மாதேஷுக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் வராத தூக்கம்.

விடிந்ததும் உஸ்தாத் கூப்பிட்டார்.

"கேடட் மாதேஷ். வரிசைய விட்டு வெளிய வா."

அவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை. மற்ற ஏழு பேரும் மூன்றாவது இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே நடந்தார்கள்.

*

அன்று மாலை அம்மா போனில் பேசினாள்.

பச்சியம்மாளுக்குப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. கூடை கூடையாக முன்னால் கொட்டுவார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, உள்ளே கன்றிப்போன பழத்தை மட்டும் விரல் எடுத்து அப்பால் போடும். மண்டியில் அவள் கண்ணுக்குத் தனி மரியாதை.

"லீவு சொல்லிட்டன் கண்ணு. நினைவு நாளுக்கு வந்துடறன். மண்டி பூரா சொல்லி வச்சிருக்கறன்."

"சரிம்மா."

"எத்தனையாவதா நிப்ப?"

"சொல்லக்கூடாதும்மா. ரூல்ஸ்."

"சொல்லாத போ. எனக்கு அடையாளம் ஒண்ணும் வேணாம். ஒரு லோடு தக்காளியில அழுகல் எதுன்னு கண்டுபிடிக்கறவ, எட்டுப் பேருல எம்புள்ள எதுன்னு கண்டுபிடிக்க மாட்டனா?"

அவனுக்கு அணியில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா வந்து எட்டு முகத்தையும் தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போவது கண்முன்னே வந்தது.

*

மறுநாள் உஸ்தாத் முன்னால் போய் விறைப்பாக நின்றான்.

"ஒரு சோதனை வைங்க உஸ்தாத். முரசு அடிக்கச் சொல்லுங்க. நான் தப்பு பண்ணினா நானே மூட்டை கட்டிட்டுப் போயிடறேன்."

உஸ்தாத் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேட்டதைக் கொடுத்துவிடுவதும் அவருக்கு ஒரு பழக்கம். முரசு அடிப்பவனை வரவழைத்தார். மாதேஷை மூன்றாவது இடத்தில் நிற்கச் சொன்னார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முரசு அடித்தது. எட்டுப் பேரும் நடந்தார்கள்.

மாதேஷின் குதிகால் ஒவ்வொரு முறையும் முரசின் மேலேயே விழுந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. அவனுக்கே அது தெரிந்தது. மற்றவர்கள்தான் துளி தாமதம், அதுவும் அவன் காதில் தெளிவாக விழுந்தது.

உஸ்தாத் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

இரண்டு விரல்.

மாதேஷுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அணி கலைந்ததும் நேரே அவர் முன்னால் போய் நின்றான்.

"நான் முரசோடதான் வச்சேன் உஸ்தாத்."

"ஆமா."

"அவங்கதான் லேட்டு."

"ஆமா, லேட்டுதான்."

"அப்ப நான் சரிதானே?"

"நீ சரிதாம்லே."

"பின்னே எதுக்கு ரெண்டு விரல்?"

"அதுக்குத்தாம்லே ரெண்டு."

சொல்லிவிட்டுக் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"நாளையிலருந்து இங்கன நீ உக்காரு. முதுகக் காட்டிட்டு உக்காரணும். திரும்பிப் பாத்தேன்னு வையி, தோல உரிச்சிருவேன். ஒரு சத்தம் கேட்டா ஒரு விரலு. ரெண்டு கேட்டா ரெண்டு."

கேடட் உட்கார்ந்திருக்க உஸ்தாத் நிற்பது அந்தப் பள்ளியில் யாரும் பார்க்காத காட்சி. மற்ற கேடட்டுகள் ஜன்னலில் முண்டியடித்துப் பார்த்தார்கள். நாற்காலி அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

*

முதலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பேர் நடக்கிறார்கள், அவ்வளவுதான். அவமானத்தில் காது அடைத்திருந்தது என்றும் சொல்லலாம். ஏதோ ஒரு விரலைக் காட்டுவான். உஸ்தாத் பின்னாலிருந்து ஒரு கடலையை எடுத்து அவன் பிடரியில் எறிவார். தப்பு என்று அர்த்தம்.

கழுத்துக்குள் கடலை விழுந்து விழுந்து, ஒருநாள் காது திறந்தது.

ஏழு குதிகால். ஒரே சத்தம்.

பெரிய வீட்டுக் கதவு ஒன்றை யாரோ பதனமாகச் சாத்துகிற மாதிரி இருந்தது. அவன் ஒரு விரலைத் தூக்கினான். பிடரியில் எதுவும் விழவில்லை.

மறுபடியும் அதே சத்தம். மறுபடியும். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளும் இவர்களோடு நடந்திருக்கிறோம், இதை ஒருநாள் கூடக் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஆசையாகவும் இருந்தது. இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது.

கேட்கக் கேட்க வேறொன்றும் பிடிபட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு. மெல்லிய, கனத்த மூச்சு. அது நாலாவது இடத்திலிருந்து வந்தது.

நாலாவது இடத்தில் சகாயம். முளகுமூட்டுக்காரன், ஆள் மலை மாதிரி. தடை தாண்டும் பயிற்சியில் ஒருமுறை கணுக்கால் முறிந்து கூடிய கால். அந்தக் காலைத் தூக்குவதற்கு முன்னால் அவன் மூச்சை இழுப்பான். அவனுக்கே தெரியாது. அந்த இழுப்பு முடியும்வரை மற்ற ஆறு பேரும் கால் வைப்பதில்லை.

அன்று பயிற்சி முடிந்ததும் மாதேஷ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உஸ்தாத்."

"என்ன?"

"அவங்க சகாயத்துக்காகக் காத்திருக்காங்க."

உஸ்தாத் ஒரு கடலையை உடைத்தார்.

"ஆறு பேரும். முரசைக் கேக்கறதில்ல. அவன் மூச்சைத்தான் கேக்கறாங்க. இதை யாரு சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல."

"சகாயத்துக்குத் தெரியுமா?"

"நீ போய்ச் சொல்லிராத. கூச்சப்பட்டுட்டு மூச்ச அடக்கிருவான். அப்புறம் எல்லாம் போச்சி."

பழைய மாதேஷ் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

"அவனுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டா முரசோட சேந்து வரலாமே?"

"போடலாம்."

"ஏன் போடல?"

உஸ்தாத் பையில் கை விட்டு ஒரு பிடி கடலை எடுத்தார். அவன் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார்.

"தின்னு," என்றார்.

உஸ்தாத் கையால் கடலை வாங்கித் தின்ற முதல் கேடட் அவன்தான். ஆனால் பதில் என்னவோ கிடைக்கவில்லை.

*

நினைவு நாளுக்கு முந்தின நாள் காலை அவனே வாய்விட்டுக் கேட்டான்.

"நான் உள்ளே வரட்டுமா உஸ்தாத்?"

"வா."

"எந்த இடத்துல நிக்கட்டும்?"

"காலியா எங்கன கெடக்கு?"

மூன்றாவது இடம் அப்படியே கிடந்தது. இவ்வளவு நாளும் யாரும் அதில் நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போய் நின்றான். வலது பக்கத்தில் இருந்தவன் தலையைத் திருப்பாமல் அரை அங்குலம் நகர்ந்து இடம் கொடுத்தான். இடது பக்கம் சகாயம்.

உஸ்தாத் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மூச்சு கேட்டது. மாதேஷ் கால் வைத்தான்.

முரசு இருந்திருந்தால் அவன் அதைவிடத் துளி தாமதம். கால் பழக்கத்தில் முந்தப் பார்த்தது. அதை இழுத்துப் பிடித்து, இழுத்துப் பிடித்து நடந்தான். உடம்பெல்லாம் வலித்தது. விறைப்பாக நிற்பதற்கு இந்த வலி வந்ததே இல்லை.

நடந்து முடிந்தது. எட்டுப் பேரும் நின்றார்கள். மாதேஷ் ஓரக்கண்ணால் உஸ்தாதின் முதுகைப் பார்த்தான்.

கை எழவில்லை. ஒரு விரலும் இல்லை, இரண்டு விரலும் இல்லை. கடலை உடைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"நாளைக்கு எட்டுப் பேரும் வந்து சேருங்க," என்று சொல்லிவிட்டு உஸ்தாத் நாற்காலியை மடக்கினார்.

தேறிவிட்டேனா, வேறு ஆள் இல்லாமல் எடுத்துக்கொண்டாரா என்று மாதேஷுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

*

காலை வெயில் இதமாக இருந்தது. நினைவுத் தூணைச் சுற்றி ஜனம் கூடியிருந்தும் குழந்தைகள் கூடச் சத்தம் போடவில்லை.

எட்டுப் பேரும் வெள்ளைக் கையுறை போட்டு, தொப்பியின் விளிம்பைப் புருவம் வரை இறக்கிவிட்டு நின்றார்கள். கட்டளை வரவில்லை. வராது.

மூச்சு வந்தது.

கிளம்பினார்கள். குதிகால்கள் கல்தரையில் விழுந்தன. மாதேஷ் தன் குதிகால் சத்தத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. ஒரு கணம் கால் வைக்கவே இல்லையோ என்று கூடப் பயம் வந்தது. வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

தூணின் முன்னால் நின்றார்கள். துப்பாக்கிகள் தலைகீழாகின. எட்டுத் தலைகள் குனிந்தன, முகங்கள் தொப்பி விளிம்புக்குள் மறைந்தன. ஊதுகுழல் ஊதி ஓய்ந்தது.

அதற்குப்பிறகு மாதேஷுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பூட்ஸும், அதற்கு முன்னால் ஒரு முழம் கல்தரையும்தான்.

குடும்பங்கள் வரத் தொடங்கின. பூப் போட்டுவிட்டு, காவல் நிற்கிறவர்களின் முன்னால் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். தொட்டாலும் அசையக்கூடாது என்பது அணியின் விதி. கால்கள்தான் தெரிந்தன. வெள்ளைச் செருப்பு, தேய்ந்த செருப்பு, ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ.

ஒரு ஜோடிக் கால் அவன் முன்னால் நின்றது. வயதான பெண்ணின் கால். நகரவில்லை.

"நான் திட்டுறப்ப இப்படித்தான் நிப்பான் என் பையன் ஜெகன்," என்றாள் அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "தலையக் குனிஞ்சுக்கிட்டு. ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டான்."

மாதேஷின் சட்டைக் கைமடிப்பை விரலால் நீவிவிட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கால்கள் நகர்ந்து சகாயத்தின் முன்னால் போய் நின்றன. அங்கேயும் அவ்வளவு நேரம் நின்றன.

"ஜெகன்," என்று கூப்பிடுவது கேட்டது.

அப்புறம் ஐந்தாவது ஆளிடம். அப்புறம் ஆறாவது. கடைசி வரை அவள் யாரையும் விடவில்லை.

சகாயத்தின் மூச்சு பக்கத்தில் தடுமாறிற்று. மாதேஷ் தன் மூச்சை மெதுவாக்கினான், நிதானமாக, பக்கத்தில் கேட்கும்படியாக. கொஞ்ச நேரத்தில் சகாயம் நிலைக்கு வந்தான்.

குடும்பங்கள் போனபிறகு மற்ற ஜனங்களை உள்ளே விட்டார்கள்.

ரப்பர் செருப்பு. வெடித்த குதிகால். இடது கால் மெட்டி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். அதை அவன் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பான்.

அம்மா.

வலது கோடியிலிருந்து வந்தாள். முதல் ஆள் முன்னால் நின்றாள். இரண்டாவது ஆள். மூன்றாவதாக அவன் முன்னால் வந்து நின்றாள். பஸ் பிரயாணத்தின் கசங்கல் வாசமும், தேங்காய் எண்ணெய் வாசமும் வந்தன. முகவாயை ஒரு விரற்கடை தூக்கினால் போதும். வேண்டாம், கட்டைவிரலை லேசாக அசைத்தால் கூடப் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவன் அசையவில்லை.

செருப்பு நகர்ந்தது. நாலாவது ஆள், ஐந்தாவது ஆள், கோடி வரை போயிற்று. திரும்பி வந்தது. இந்தத் தடவை வேகமாக. அவன் முன்னால் நிற்காமலே கடந்து போயிற்று.

எதிரே, கிழக்குப் பக்கத்தில் உஸ்தாத் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய்த்தான் ரப்பர் செருப்பின் சத்தம் நின்றது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க." அம்மாவின் குரல் உடைந்திருந்தது. மண்டியில் யாருமே கேட்டிராத குரல். "மாதேஷுன்னு எம்புள்ள. இதுல நிக்கறதா சொல்லியிருந்தான். இல்லீங்களா?"

"இருக்கான் தாயி."

"எதுங்க?"

உஸ்தாத் பேசவில்லை.

அம்மா திரும்பி வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். மாதேஷின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராகத் தரையில் விழுந்தது. குனிந்த தலை என்பதால் கன்னத்தில் கோடு விழவில்லை.

"தெரியலீங்களே," என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "எல்லாமே எம்புள்ள மாதிரிதான் நிக்குதுங்க," என்றாள்.

மாதேஷின் முன்னால் இருந்த ஒரு முழக் கல்தரையில் உஸ்தாதின் நிழல் விழுந்திருந்தது. அந்த நிழல் கையைத் தூக்கியது.

ஒரு விரல்.